துண்டுக்குள்ளே பேசின விலை

மலை முடியிற இடமும் வயல் தொடங்குற இடமும் ஒண்ணு சேர்ற ஒரு ஊர்ல, வெள்ளிக்கு வெள்ளி ஒரு மாட்டுச் சந்தை கூடுச்சாம். மேலே இருந்து மலைக்காரங்க காளை ஓட்டிட்டு வருவாங்க, கீழே இருந்து நாட்டுக்காரங்க வண்டி வண்டியா நெல்லு கொண்டு வருவாங்க. காளையைக் குடுத்து நெல்லு வாங்குறது, நெல்லைக் குடுத்து காளை வாங்குறது. இதுல ஒரு சங்கடம் என்னன்னா, மலைக்காரங்க பேச்சு நாட்டுக்காரங்களுக்குத் தெரியாது, நாட்டுக்காரங்க பேச்சு மலைக்காரங்களுக்குத் தெரியாது. தண்ணி கேட்டா சுண்ணாம்பு வரும். அப்புறம் எப்படி வியாபாரம் நடக்கும்னு கேக்குறீங்கதானே? அதைத்தான் சொல்ல வர்றேன்.

தரகு பேசுறவங்க தோள்ல ஒரு துண்டு கிடக்கும். காளை விக்கிறவர் கையைப் பிடிச்சு, அது மேல துண்டைப் போட்டு மூடிக்குவாங்க. உள்ளுக்குள்ள ஒரு விரலைப் பிடிச்சா ஒரு மூட்டை நெல்லு, ரெண்டு விரலைப் பிடிச்சா ரெண்டு மூட்டை, முழுக்கையையும் பிடிச்சா அஞ்சு, அதையே ரெண்டு தரம் பிடிச்சா பத்து. வெளியில நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வாயில விலை சொல்லவே கூடாது. ஏன்னா, வீட்டுல பிள்ளை பட்டினின்னு ஒருத்தன் காளையைக் கொறச்சு விப்பான். அதைச் சத்தம் போட்டுச் சொன்னா அடுத்த வாரமும் அவன்கிட்ட அதே விலைக்குத்தானே கேப்பாங்க? அவன் இல்லாமையை ஊருக்குச் சொல்லாம மூடி வைக்கத்தான் அந்தத் துண்டு.

இன்னொரு வழக்கமும் உண்டு. விலை படிஞ்சதும் தரகர் விலகிக்கணும். வித்தவர் கையும் வாங்கினவர் கையும் நேருக்கு நேரா ஒரே துண்டுக்குள்ள போகணும், ரெண்டு பேரும் விரலால ஒரு தரம் விலையைச் சொல்லிக்கணும். நடுவுல நின்னவங்க பொய் சொல்லியிருந்தா அங்கேயே குட்டு உடைஞ்சிரும்.

அந்தச் சந்தையில தரகு பேசுனவ பேரு உலகம்மை. வாயைத் திறந்தா மூட மாட்டா. காளைகிட்டப் பேசுவா, கயித்துகிட்டப் பேசுவா, கேக்க ஆள் இல்லேன்னா தன் நிழல்கிட்டப் பேசுவா. ஆனா கை துண்டுக்குள்ள போயிருச்சுன்னா வாய் கப்புனு மூடிக்கும். மலைக்காரர் பொம்மையன் இருபது வருஷமா அவ கையைத்தான் பிடிப்பார், வேற தரகர் பக்கம் போனதே இல்ல. அவர் சொன்ன ஒரு வார்த்தை இவளுக்குப் புரிஞ்சதில்ல, இவ சொன்ன ஆயிரம் வார்த்தையில ஒண்ணு அவருக்குப் புரிஞ்சதில்ல. ஆனாலும் அவர் வீட்டுல கல்யாணம்னா இவளுக்கு ஒரு குடுவை தேன் வரும், இவ வீட்டுல பொங்கல்னா அவருக்கு ஒரு ஓலைப்பெட்டி நிறைய பனங்கருப்பட்டி போகும்.

இப்படி இருக்கையில அந்த ஊருக்கு, சந்தையை மேல்பார்க்குற மணியமா வந்தான் வன்னமுத்துன்னு ஒருத்தன். அவனுக்கு நாட்டுப் பேச்சும் தெரியும், மலைப் பேச்சும் தெரியும். ரெண்டு பேச்சு தெரிஞ்சது தப்பில்ல, அது பெரிய செல்வம். அந்தச் செல்வத்தை அவன் எதுக்கு வச்சிருந்தான்ங்கிறதுதான் விஷயம். அவன் நேரா ராசாகிட்டப் போனான்.

"மகாராசா, நம்ம நாட்டு வியாபாரம் திருட்டு வியாபாரம் மாதிரி துணிக்குள்ள நடக்குது. வெளிநாட்டுக்காரன் பார்த்தா சிரிப்பான். எனக்கு ரெண்டு பேச்சும் அத்துப்படி. துண்டை எடுத்துருவோம். இனிமே நானே பேசி விலை முடிக்கிறேன்."

ராசாவும் நல்ல மனுஷன்தான், ஆனா யாராவது சிரிப்பாங்கன்னு சொல்லிட்டா போதும், பதறிருவார். "ஆகட்டும்"னுட்டார். அன்னைக்கே தண்டோரா போட்டாங்க: துண்டு விரிச்சவங்களுக்குச் சந்தையில இடமில்ல!

முதல் வெள்ளிக்கிழமை வந்துச்சு. நாட்டுக்காரன் சுடலை ஒரு காளைக்கு விலை கேட்டான். மலைக்காரர் பத்து மூட்டைன்னார். வன்னமுத்து சுடலைகிட்ட வந்து, "பதினாறு கேக்குறான்பா. அதோட, கஞ்சிக்குச் செத்த பயலுக்கு எதுக்குக் காளைன்னும் சொல்றான்"னான். சுடலைக்கு முகம் கறுத்துப்போச்சு. ஆனா உழவுக்கு நாளாச்சே, குடுத்தான். நெல்லு முன்வாசல் வழியா மணியம் மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் போச்சு. பின்வாசல் வழியா மலைக்காரருக்கு ஆறு மூட்டை வந்துச்சு. "இதுதான் குடுத்தான். உங்க மாடெல்லாம் நொண்டி மாடாம்"னு அவர்கிட்ட ஒரு பொய்.

ரெண்டாவது வெள்ளியும் அப்படித்தான். இங்க வந்து ஒரு கோள், அங்க போய் ஒரு கோள். மூணாவது வெள்ளியும் அப்படித்தான். அதுக்குள்ள நாட்டுக்காரங்க மலைக்காரங்களைப் பார்த்துப் பல்லைக் கடிச்சாங்க, மலைக்காரங்க நாட்டுக்காரங்களைப் பார்த்துக் காறித் துப்பினாங்க. வன்னமுத்து விரலுக்கு ஒரு மோதிரம் போட்டான். பத்து விரலும் நெறஞ்சுபோச்சு.

உலகம்மை புளியமரத்தடியில சும்மா உக்காந்திருந்தா. தரகு போனதுகூட அவளுக்குப் பெரிசில்ல. மூணாவது வெள்ளிக்கிழமை பொம்மையன் அவளைத் தாண்டிப் போனார். "வாங்க"ன்னு எழுந்தா. அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார். இருபது வருஷம் பிடிச்ச கை! என்ன தப்பு பண்ணினோம்னு கேக்கக்கூட அவளுக்கு வார்த்தை இல்ல. இருந்த ஒரே வழியையும் மணியம் புடுங்கிட்டான்.

அங்கே சுடலை வந்து புலம்பினான்: "உலகம்மக்கா, இந்த மலைக்காரங்களுக்கு ஆசை முத்திப்போச்சு. பொம்மையன் காளைக்கு இருபத்தஞ்சு கேட்டாராம்!"

"யாருடா சொன்னா?"

"மணியம்தான் சொன்னார்."

"அடப் போடா! அந்தக் கை என் கைக்குள்ள ஒரு நாளும் பன்னெண்டைத் தாண்டினதில்ல. ராசா வீட்டுக் காளையா இருந்தாலும் பன்னெண்டுதான். பேச்சு தெரியாட்டி என்ன, எனக்குக் கை தெரியுமே!"

அப்படியே இடுப்புல சேலையைச் செருகிக்கிட்டு அரண்மனைக்கு நடந்தா. ராசா பக்கத்துல வன்னமுத்து நின்னுக்கிட்டிருந்தான்.

"மகாராசா, மணியக்காரர் சொல்ற விலை வேற, மலைக்காரர் கேக்குற விலை வேற."

வன்னமுத்து சிரிச்சான். "ஏ பொம்பள, உனக்கு மலைப் பேச்சுல ஒரு வார்த்தை தெரியுமா?"

"தெரியாது."

"அரை வார்த்தை?"

"தெரியாது."

"அப்போ நான் சொல்றது பொய்னு எப்படித் தெரியும்? செவிடன் கச்சேரிக்கு விமரிசனம் பண்ணின கதையால்ல இருக்கு!"

சபையே சிரிச்சுது. உலகம்மை அசையல. "ராசா, தேருக்கு ஒரு காளை வேணும்னு பேசிக்கிட்டீங்களாம். வர்ற வெள்ளிக்கு நீங்களே வாங்க. முதல்ல மணியம் வாயால கேட்டுச் சொல்லட்டும். பெறகு நீங்க உங்க கையால கேளுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா என்னை நாடு கடத்திருங்க, என் வீட்டை இடிச்சு எருக்கு விதைங்க."

ராசாவுக்கு இதைக் கேட்டதும் உற்சாகம் பிறந்துருச்சு. "வர்றேன்"னுட்டார்.

நாலாவது வெள்ளிக்கிழமை ராசா பல்லக்குல வந்தார். சந்தையில மலைக்காரங்க ஒரு பக்கம், நாட்டுக்காரங்க ஒரு பக்கம், நடுவுல ஆறு ஓடுற மாதிரி வெட்டவெளி. பொம்மையன் கடைசியா ஒரு காளை கொண்டுவந்திருந்தார். இதோட இந்தப் பக்கம் தலைவைக்கிறதில்லன்னு மலைமேல எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க.

வன்னமுத்து போய்ப் பொம்மையன்கிட்ட என்னமோ பேசினான், கையை ஆட்டினான், தலையை ஆட்டினான். திரும்பி வந்து, "முப்பது மூட்டை மகாராசா. ஒரு மூட்டை குறைஞ்சாலும் முடியாதாம்"னான்.

"இப்போ உங்க கை, ராசா"ன்னு உலகம்மை துண்டை உதறினா. "அந்த மோதிரத்தைக் கழட்டுங்க."

"ஏன்?"

"துண்டுக்குள்ள மோதிரம் போகப்படாது. மோதிரத்தைத் தடவினா ஆளு பெரிய ஆளுன்னு தெரிஞ்சிரும், விலை ஏறிரும். உள்ளுக்குள்ள கை வெறும் கைதான்."

ராசா கழட்டினார். அவர் விரல் அவ்வளவு மெலிசுன்னு அன்னைக்குத்தான் ஊருக்குத் தெரிஞ்சுது. கையை நீட்டினார். பொம்மையன் தன் ரெண்டு கையையும் அக்குள்ல சொருகிக்கிட்டு அசையாம நின்னார்.

நீட்டின ராசா கை அந்தரத்துல நிக்குது! வன்னமுத்து மெதுவா, "பார்த்தீங்களா மகாராசா? அவருக்கே இவமேல நம்பிக்கை இல்ல. எருக்க விதை கொண்டுவரச் சொல்லட்டுமா?"ன்னான்.

உலகம்மை துண்டை மறுபடி தோள்ல போட்டா. அவ்வளவு பேசுற வாய்க்கு அந்த இடத்துல வேலையே இல்ல. அப்போ அவ என்ன செஞ்சா தெரியுமா? அந்தச் சந்தையில ஒரு பழைய முறை. கை குடுத்துட்டு வாக்குத் தவறினவங்க, எல்லாரும் பார்க்க உள்ளங்கையை விரிச்சு நீட்டணும். ஏமாந்தவர் அதுல ஓங்கி ஒரு அடி அடிப்பார். அதோட வழக்கு தீந்துது, பகை தீந்துது. உலகம்மை ஒரு தப்பும் செய்யல. இருந்தாலும் அந்த வெட்டவெளியைத் தாண்டிப் போயி, பொம்மையன் முன்னால உள்ளங்கையை விரிச்சு நீட்டினா.

சந்தையே எட்டிப் பார்த்துச்சு. காளைகூட அசைபோடுறதை நிறுத்திருச்சு.

பொம்மையன் கையை எடுத்தார், ஓங்கினார். ஓங்கின கை பாதியில நின்னுச்சு. தப்பு செஞ்சவங்க கை நடுங்கும். இந்தக் கை நடுங்கல. அவர் உலகம்மை முகத்தைப் பார்த்தார், மணியத்தோட பத்து மோதிரத்தைப் பார்த்தார், மறுபடி இவ முகத்தைப் பார்த்தார். ஓங்கின கையை இறக்கி, அவ கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார்.

உலகம்மை அந்தக் கையை அப்படியே கூட்டிவந்து ராசா கைமேல வச்சு, துண்டைப் போட்டு மூடினா. உள்ளுக்குள்ள முழுக்கை ஒரு தரம் இறுகுச்சு, முழுக்கை இன்னொரு தரம் இறுகுச்சு, பெறகு ரெண்டு விரல் அமுங்குச்சு.

ராசா கண்ணு விரிஞ்சுது. "ஆ! பன்..."

"ராசா! வாயில சொல்லப்படாது!"ன்னு உலகம்மை போட்ட சத்தத்துல ராசா கப்புனு வாயை மூடிக்கிட்டார். முதல்ல சிரிச்சவர் பொம்மையன்தான். பெறகு நாட்டுக்காரங்க சிரிச்சாங்க, பெறகு மலைக்காரங்க சிரிச்சாங்க, பெறகு ராசாவே சிரிச்சார்.

சிரிச்சு முடிச்சு ராசா திரும்பினார். "வன்னமுத்து, நீ முப்பதுன்னு சொன்னே. வா, உன் கையால நீயே இன்னொரு தரம் கேளு. மோதிரத்தைக் கழட்டு."

மோதிரம் வரணுமே! தின்னு தின்னு விரல் ஊதிப்போய் ஒண்ணுகூட நகரல. விளக்கெண்ணெய் ஊத்தினாங்க, வரல. புண்ணாக்குத் தண்ணியில முக்கினாங்க, வரல. கடைசியில காளைக்குப் பூட்டுற கயித்தைக் கட்டி இழுத்தாங்க. அதுக்குமேல தாங்காம, "ஐயோ ராசா, பன்னெண்டுதான், பன்னெண்டுதான்! மூணு வாரமும் பொய்தான் சொன்னேன்!"னு அலறிட்டான். வாயில விலை சொல்லக் கூடாதுன்னு அப்பவும் உலகம்மை ஒரு அதட்டுப் போட்டா.

ராசா கிட்டங்கியைத் திறக்கச் சொன்னார். நெல்லு போக வேண்டியவங்களுக்குப் போச்சு. வன்னமுத்துவுக்கு என்ன தண்டனை? "உனக்குத்தான் ரெண்டு பேச்சும் அத்துப்படியாச்சே. இனிமே வெள்ளிக்கு வெள்ளி சந்தை வாசல்ல நில்லு. 'நான் இவங்களைப் பத்தி அவங்ககிட்டப் பொய் சொன்னேன், அவங்களைப் பத்தி இவங்ககிட்டப் பொய் சொன்னேன்'னு மலைப் பேச்சுல மூணு தரம், நாட்டுப் பேச்சுல மூணு தரம் கத்து." அவனும் தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினான். அதைக் கேக்குறதுக்குன்னே ஜனங்க வெள்ளனே சந்தைக்கு வந்துருவாங்களாம்.

துண்டு மறுபடி தோளுக்கு வந்துருச்சு. ஆனா உலகம்மை அதோட விடல. நடுவுல ஒருத்தன் மட்டும் பேச்சு தெரிஞ்சவனா இருந்ததாலதானே இவ்வளவு வினை? பொம்மையனைப் புளியமரத்தடியில உக்காரவச்சு, காளையைக் காட்டி, கயித்தைக் காட்டி, தேனைக் காட்டி, ஒவ்வொண்ணாப் பேரு கேட்டுக் கத்துக்கிட்டா. அவரும் பதிலுக்குப் பதில் கத்துக்கிட்டார். அவ வாய்க்கு ஒரு பேச்சே பத்தாது, ரெண்டாவதும் வந்துருச்சா, மலைக்காரங்க தேன் குடுக்கும்போதே காதைப் பொத்திக்கிட்டுத்தான் குடுத்தாங்களாம். மறுவருஷம் அந்தச் சந்தை மூணு பங்கு பெரிசாச்சு.

பேச்சு பத்துகூடக் கத்துக்கலாம், நாக்கு ஒண்ணுதான் இருக்கணும். மலைக்காரங்க காளைங்க உழுத வயல்ல விளைஞ்ச சோறு இருக்கிற வரைக்கும் இந்தக் கதையும் இருக்கும். கேட்டவங்க கை நிறையட்டும், சொன்ன வாய் இனிக்கட்டும்.