குருவம்மா கேட்ட படி

முன்னொரு காலத்திலே நொச்சிநாடு என்றொரு சீமையை வீரகேது என்கிற ராசா ஆண்டுகொண்டிருந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் குளித்துவிட்டு வரும்போது ஓர் ஆணை போடுவான், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அதை மறந்துவிடுவான். அப்படித்தான் ஒரு நாள் தண்டோரா போடச் சொன்னான்: "அரண்மனையில் இருக்கிற ஊர் ஓலைகள் எல்லாம் ஊராருக்கே சொந்தம். யார் வந்து கேட்டாலும் படி கொடுக்க வேண்டும்."

ஓலையைப் பார்த்து எழுதுகிற நகலுக்குப் படி என்று பேர். அது தண்டோரா போட்டவனுக்கும் தெரியும், கீழத்தெருக் குருவம்மாவுக்கும் தெரியும்.

அவள் தெருவுக்குக் குடிதண்ணீர் ஒரே ஓர் ஊருணிதான். ஒருத்தன் அதைச் சுற்றி முள்வேலி போட்டு, என் சொத்து என்று உட்கார்ந்துவிட்டான். ராசாவின் தகப்பனார் அதைத் தெருவுக்கு எழுதிக்கொடுத்த ஓலை அரண்மனையில் இருக்கிறது. பௌர்ணமியன்று வழக்கு. ஓலைக்குப் படி கொண்டுவந்தால் ஊருணி தெருவுக்கு, இல்லையென்றால் வேலி போட்டவனுக்கு.

குருவம்மா பிள்ளையாருக்கு ஒரு விளக்கைப் போட்டுவிட்டு அரண்மனைக்கு நடந்தாள். ஓலைகளுக்கெல்லாம் அதிகாரி அம்பலவாணர். வேலி போட்டவன் அவருடைய மைத்துனன். பாவம், அது இவளுக்குத் தெரியாது.

"சாமி, எங்க ஊருணி ஓலைக்கு ஒரு படி வேணும்."

"படிதானே? அரசர் ஆணையை மறுக்க முடியுமா?" என்று உள்ளே போனவர், ஒரு படி அரிசியைக் கொண்டுவந்து அவள் முந்தானையில் கொட்டினார்.

குருவம்மா அரிசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நாம்தான் சரியாகக் கேட்கவில்லையோ? அரண்மனை கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவும் பயம். வீட்டுக்கு வந்து ஒரு பானையில் போட்டு மூடிவைத்தாள். கேட்காமல் வந்ததை உலையில் போட அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் போய், "அரிசிப் படி இல்லீங்க சாமி, பார்க்கிற படி" என்றாள்.

"அதோ வாசற்படி. நன்றாகப் பார்த்து உட்கார்."

உட்கார்ந்தாள். ஏதோ எழுதிக்கொண்டு வருவார்கள் என்று வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

இன்னொரு நாள் அவரே ஓர் ஓலையை நீட்டி, "இந்தா, படி" என்றார். இவள் சந்தோஷமாய்க் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்குப் படிக்கத் தெரியாதே சாமி."

"பிறகு எதற்கம்மா படி படி என்கிறாய்?" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே குழப்பம். நாம் கேட்டதுதான் எந்தப் படி? "பிள்ளையாரப்பா, நீ நினைச்சபடி நடத்து" என்று கும்பிட்டவள், அதிலும் ஒரு படி வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பௌர்ணமியன்று அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு சபைக்குப் போனாள்.

"படி எங்கே அம்மா?" என்றான் ராசா.

"எந்தப் படிங்க மகராசா?"

ராசா விழித்தான். குருவம்மா நடந்ததையெல்லாம் சொல்லிப் பானையைக் கீழே வைத்தாள்.

அம்பலவாணர் எழுந்து கும்பிட்டார். "பிரபு, படி கொடு என்றீர்கள். எந்தப் படி என்று சொல்லவில்லை. அளக்கிற படி கொடுத்தேன், ஏறுகிற படி காட்டினேன், ஓலையை நீட்டிப் படி என்றும் சொன்னேன். நான் ஆணையை மீறியது எப்படி?"

"எப்படியா?" என்றான் ராசா.

"அதுவும் ஒரு படிதான் பிரபு."

சபை சிரித்தது. ராசாவுக்குத் தலை சுற்றியது, கோபமும் வந்தது. "நான் போட்ட ஆணை எனக்கே புரியவில்லை. அமைச்சரே, இவர் சொல்வதில் பிழை இருந்தால் காட்டும். இல்லையென்றால் ஊருணி வேலி போட்டவனுக்கே."

அமைச்சர் சேந்தனார் யோசித்துக்கொண்டு நின்றார். குருவம்மா ஓர் அடி முன்னே வந்தாள். மனசில் கிடந்தது வாயில் வந்துவிட்டது.

"மகராசா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். வாசற்படியில உட்கார்ந்திருந்தப்போ காவல்காரங்க பேசிக்கிட்டாங்க. இந்த ஐயாவுக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அரண்மனையில படி உண்டாமே. அது எந்தப் படிங்க?"

சேந்தனார் முகம் மலர்ந்தது. "சம்பளத்துக்கு மேலே கொடுக்கிற படி அம்மா. நல்லவேளை ஞாபகப்படுத்தினாய். அரசே, இன்றைக்குத்தானே அது? கொடுத்துவிடலாமா?"

"கொடும், கொடும்."

சேந்தனார் எழுத்தரைக் கூப்பிட்டார். "ஊருணி ஓலையை எடுத்துவந்து, ஒரு படி எழுதி அம்பலவாணர் கையில் கொடும். இந்த மாதப் படி அதுதான்."

அம்பலவாணர் பதறினார். "இதென்ன அமைச்சரே, எனக்கு வரவேண்டியது பொன்னல்லவா?"

"உமக்குப் படி கொடுக்க வேண்டும் என்றுதான் ஆணை. எந்தப் படி என்று இல்லையே."

"உத்தியோகம் பார்க்கிறவன் கேட்டால் எந்தப் படி என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"ஓலைக்கூடத்துக்கு வந்து, ஓலையின் பேரைச் சொல்லி ஒருத்தி கேட்டால்?"

அதற்குள் எழுத்தர் ஓலையும் படியுமாய் வந்துவிட்டார்.

ஓலையை உரக்கப் படித்தார். ஊருணி கீழத்தெருவார் எல்லாருக்கும் பொது என்று அதில் தெளிவாக இருந்தது. ராசாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அம்பலவாணரே, இனி உம்முடைய இருக்கை அந்த வாசற்படி. வருகிறவர்களுக்கு அங்கே உட்கார்ந்து படி எழுதிக் கொடும். முதல் படி இந்த அம்மாவுக்கு. உம்முடைய பொன்னை அமைச்சர் வாங்கி, ஊருணிக்குக் கல்படி கட்டட்டும்."

"இந்த அரிசிங்க?" என்றாள் குருவம்மா. "நான் கேட்காத படி."

"உன் பிள்ளையாருக்குப் பொங்கி வை அம்மா. அவர்தான் குழம்பாமல் இருந்திருக்கிறார்."

வேலியைப் பிடுங்கிய அன்றைக்கே பொங்கல் வைத்தார்கள். பிறகு கல்படியும் வந்தது. தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் அதில் குடத்தை இறக்கிவைத்து, "ஏக்கா, அரண்மனையையே ஜெயிச்சுட்டியாமே, எப்படி?" என்று கேட்பார்கள்.

குருவம்மா தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்வாள்.

"எந்தப் படிடி கேட்கிறே?" என்பாள்.