கரூர்ச் சகலைகளும் கட்டாத வரியும்

கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு நாச்சிமுத்து, செங்கோடன் என்று இரண்டு முதலாளிகள். அக்காள் தங்கையைக் கட்டிய சகலைகள். ஒருவர் கார் வாங்கினால் அன்று மற்றவருக்குச் சோறு இறங்காது. சம்பளத்தையும் நூல் பாக்கியையும் கணக்குப்பிள்ளை அனுப்பிவிடுவார். மற்றபடி வங்கியிலிருந்து எது போனாலும் ஒருவர் கணினியில் பதிய வேண்டும், மற்றவர் ஒப்புதல் தர வேண்டும். அத்தனை நம்பிக்கை! இலாபத்தில் அவரவர் பங்கை அவரவரே பதிந்து, மற்றவர் ஒப்புதலோடு மாதாமாதம் எடுத்துக்கொண்டார்கள்.

ஊழியர் சம்பளத்தில் பிடித்த வருமான வரியை அரசுக்குக் கட்டும்போதுதான் வம்பு வந்தது. பதிவது குமாஸ்தா வேலை, ஒப்புதல் தருவதே முதலாளி வேலை என்று இருவருக்கும் மனதில் விழுந்துவிட்டது. மூத்தவன் நான், இளையவன் ஒப்புதலுக்குக் காத்திருப்பதா என்றார் நாச்சிமுத்து. முதல் அதிகம் போட்டவன் நான் என்றார் செங்கோடன். வரிப்பணம் வருஷம் முழுக்கக் கணக்கிலேயே கிடந்தது.

கட்டிங் மாஸ்டர் சின்னராசு வரி கட்டியதற்கு அரசிடம் சுவடே இல்லாததால், அவருக்கு வீட்டுக் கடன் கிடைக்கவில்லை. அவர் வந்து கேட்டபோது ஒவ்வொருவரும் மற்றவர் அறையைக் கை காட்டினார்கள்.

வரித்துறை நோட்டீஸுக்குப் பதில் போடுவதிலும் அதே போட்டி. கடைசியில் குற்ற வழக்கே வந்தது. பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் சிறைதான்.

நிர்வாகம் யார் கையில் என்று நீதிபதி கேட்டார்.

"எல்லாம் அண்ணன்தானுங்க. நான் சும்மா பேருக்கு," என்றார் செங்கோடன்.

"அதெப்படிங்க? மொதல் போட்டது சகலை. அவர் சொல்லாம அங்க ஒண்ணும் நடக்காதுங்க," என்றார் நாச்சிமுத்து.

மற்றவர் வாயால் கேட்க இருவரும் ஏங்கிய பட்டம் அன்று இலவசமாகக் கிடைத்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

ஒரு ரூபாயைக்கூட யாரும் தின்னவில்லை, பொறாமை இருவர் கையையும் கட்டிப்போட்டது, அது குற்றமாகாது என்று வக்கீல் வாதாடினார்.

நீங்களே சொல்லுங்கள். குற்றவாளி மூத்தவரா, முதல் போட்டவரா, அல்லது இருவரையும் விட்டுவிடலாமா?

விடை: இருவருமே குற்றவாளிகள். நீதிபதி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உங்க பங்கை மாசாமாசம் யார் பதிஞ்சது?" அவரவரேதான். சொந்தப் பணத்துக்குக் குமாஸ்தாவாக இருக்கக் கூசாத கை, சின்னராசுவின் பணத்துக்கு மட்டும் கூசியிருக்கிறது. தண்டனையும் சரிசமமாகவே கிடைத்தது. சிறை வாசலில் நாச்சிமுத்து ஒதுங்கி நின்று சகலைக்கு வழி விட்டார்; செங்கோடனோ மூத்தவர்தான் முன்னால் போக வேண்டும் என்றார்.