கர்ரிக்கு அர்த்தம் தேடிய துரை

ஆங்கில அகராதி எழுதிவந்த ஹாப்ளி துரை, 'கர்ரி' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டார். சமையற்காரன் சவரிமுத்துவைக் கூப்பிட்டு அதட்டினார்.

"இது உங்க ஊர் கறியிலிருந்து வந்த சொல். எனக்கு ஒரே அர்த்தம் வேண்டும். இல்லாவிட்டால் உனக்கு வேலை இல்லை!"

"வாங்க தொரை, காட்டுறேன்" என்று சவரிமுத்து அவரைத் தன் தெருவுக்கு அழைத்துப் போனான்.

வாசலுக்கு வந்த துரையைச் சாப்பிடாமல் அனுப்புவார்களா? முதல் வீட்டில் வாழைக்காய்க் கறி. அடுத்த வீட்டில் ஆட்டுக்கறி. மூன்றாவது வீட்டில் கருவாட்டுக்கறி. கையை வைத்து மறைத்தாலும் இலையில் மறுபடி சோறு விழுந்தது.

துரை இடுப்பு வாரைத் தளர்த்தினார். "போதும் சவரி! பல அர்த்தம் என்றே எழுதுகிறேன். உன் வேலை உனக்குத்தான்."

"வேலை கிடக்கட்டும் தொரை, அடுத்தது எங்க வீடு. நீங்க சாப்பிடாமப் போனா, என் பொண்டாட்டி என்னை வீட்டை விட்டே துரத்திடுவா!"