மழைக்கு ஒதுங்கிய முருகன்

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். அவ்வூர் அரசு மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்தும் நோயுற்றும் கிடக்கும் பச்சிளங்குழந்தைகளின் பிரிவில் துணி வெளுக்கும் பணி செய்து வந்தார் பிச்சம்மையார். உள்ளங்கையளவு தொப்பிகளையும் விரல் நீளக் காலுறைகளையும் வெந்நீரில் அலசி மொட்டை மாடியில் உலர்த்துவார். ஒவ்வொன்றையும் உதறும்போது "முருகா" என்பார். வேறு பூசை அவருக்குத் தெரியாது.

அவருக்கும் ஏழாம் மாதத்தில் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. வீட்டிலேயே பிறந்து, மூன்றாம் நாள் போய்விட்டது. சில ஆண்டுகளில் கணவரும் காய்ச்சலில் இறந்தார். "பிள்ளையைக் காப்பாத்தாத சாமியை இன்னும் கும்பிடுதியே, உனக்கு ரோசமே கெடையாதா?" என்று தெருவில் கேட்டுச் சிரிப்பார்கள்.

"மூணு நாளு என் மடியில கெடந்தானே, அது அவன் குடுத்ததுதானே" என்பார் அம்மையார். அதற்குமேல் வாதாட மாட்டார்.

ஓராண்டு பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தார். வாழ்நாளில் அவர் எடுக்கவிருந்த முதல் பால்குடம் அது. உத்திரத்தன்று காலை மஞ்சள் புடவை உடுத்தி, உலர்ந்த துணிகளைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மருத்துவமனைக்கு வந்தார்.

அங்கே செவிலியர் ரெஜினா கவலையோடு நின்றிருந்தார். முன்தினம் பிறந்த பெண்குழந்தை ஒன்று, ஒரு கிலோகூட இல்லை, மூச்சு விடுவதை அடிக்கடி மறந்தது. தாய் முத்தரசி பேறுகாலத்தில் வலிப்பு கண்டு வேறு பிரிவில் நினைவின்றிக் கிடந்தாள். தகப்பன் வேலை பார்க்கும் சூரத்திலிருந்து ரயிலேறியிருந்தான். காதல் மணம் என்பதால் இருவீட்டாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"மருந்து குடுத்தாச்சு, மிஷின் சூடும் இருக்கு. ஆனா ஒரு ஆளு நெஞ்சோட அணைச்சு வச்சிருந்தா மூச்சு ஒழுங்காவும்னு டாக்டர் சொல்லுதாங்க. இதுக்கு யாருமே இல்லக்கா" என்றார் ரெஜினா.

"என்ன செய்யணும்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றார் பிச்சம்மையார்.

வாசலில் அவருக்காகக் காத்திருந்த பக்கத்து வீட்டுச் சங்கரவடிவுக்குக் கோபம் பொங்கியது. "நாப்பத்தெட்டு நாளு வயித்தைக் காயப்போட்டது இதுக்கா? யாரோ பெத்த பிள்ளைக்காக சாமியை நிக்க வைக்கியே!"

"அவன் நிப்பான் தாயி. இது நிக்காது. நீ போயிட்டு வா."

கைகால் கழுவி, வேறு அங்கி மாற்றி, சன்னலோரச் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். குழாயும் ஒயருமாக அந்தச் சிறு உடலை அவர் மார்பில் கிடத்திப் போர்த்தினார்கள். பாரமே தெரியவில்லை. அதுதான் அவருக்குப் பயமாயிருந்தது.

பதினொரு மணியளவில் குழந்தையின் மூச்சு நின்றது. உதடு நீலம் பாரித்தது. கருவி அலறியது. ரெஜினா சொல்லித் தந்தபடியே உள்ளங்காலைச் சுண்டினார் அம்மையார். "மூச்சு விடு தாயி, மூச்சு விடு." ரெஜினா ஓடி வருவதற்குள் குழந்தை ஒரு விம்மல் விம்மி மூச்சு வாங்கியது. அப்போதுதான் அம்மையார் அழுதார். தம் பிள்ளைக்கும் இப்படித்தான் நின்றது. உள்ளங்காலைச் சுண்ட வேண்டுமென்று அன்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பிற்பகலில் சுவாமி வீதியுலா வரும் மேளம் தொலைவில் கேட்டது. அடுத்த தெருவோடு திரும்பிப் போய்விடும் உலா அது. "கோவிச்சுக்கிடாத முருகா" என்று முணுமுணுத்தார். அந்நேரம் வானம் கறுத்துக் கோடைமழை கொட்டித் தீர்த்தது. பல்லக்குத் தூக்கிகள் ஒதுங்க இடம் தேடி ஓடி, கண்ணில் பட்ட மருத்துவமனை முகப்புக் கூரையின் கீழ் பல்லக்கை இறக்கினார்கள். இறக்கிய இடம் பிச்சம்மையார் அமர்ந்திருந்த சன்னலுக்கு நேர் எதிர். கண்ணாடிக்கு அப்பால், பத்தடித் தொலைவில், முகமெல்லாம் மழைத்துளியோடு முருகன்.

அம்மையாரால் எழ முடியவில்லை, கைகூப்பவும் முடியவில்லை. இரு கைகளும் குழந்தையின் மேலிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தார்.

நனைந்தபடி உடன்வந்த சங்கரவடிவுதான் கோயில் பட்டரிடம் நடந்ததைச் சொன்னாள். பட்டர் சன்னலைப் பார்த்தார், சுவாமியைப் பார்த்தார். "மழைக்கு ஒதுங்குனோம்னு நெனச்சேன். இவன் பாக்க வந்த எடம் இதுதான் போல" என்று சொல்லித் தீபாராதனை காட்டினார். மாலையைக் கழற்றி அம்மையாருக்குக் கொடுத்தனுப்ப, பூ உள்ளே வரக்கூடாது என்று ரெஜினா தடுத்துச் சன்னலின் வெளிக்கம்பியிலேயே கட்டச் செய்தார்.

மறுநாள் தகப்பன் வந்து, குழந்தையை நெஞ்சோடு அணைக்கக் கற்றுக்கொண்டான். நான்காம் நாள் முத்தரசி கண்விழித்தாள். இரண்டு மாதம் கழித்துக் குழந்தை வீடு சென்றது. பிச்சம்மையார் வெந்நீர்ப் பானையண்டை திரும்பினார்.

தன்னை நாடி வர இயலாதவரைத் தானே நாடிவந்து கண்ட இறைவன் பெரியவன். அவனையும் காத்திருக்கச் சொன்ன அம்மையாரின் அன்பு அதனினும் பெரிது.