கல்லில் ஏறிய செப்புக்காசு

மேலக்கோடனூரைத் திம்மபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு அரண்மனை இரண்டு, யானை நாற்பது, குதிரை எண்ணவே முடியாது. பள்ளிக்கூடம் ஐந்து. ஐந்துக்கும் கூரை இல்லை. ஒரு ராஜாங்கம் என்றால் எதையாவது விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்!

மழைக்காலத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது அமைச்சர் நரசப்பர் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, இந்த மழைக்கு அந்தப் பள்ளிக்கூடங்கள் தாங்காது. பேசாமல் மூடிவிட்டு, இடத்தைக் குதிரை லாயமாக்கிவிடலாம்."

அரண்மனைக்குக் குதிரை விற்றவர் நரசப்பருடைய மைத்துனர். இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

சபையில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இருந்தார். சம்பளம் கொஞ்சம், வாய் அதிகம். அவர் குறுக்கிட்டார்.

"கூரை போட்டால் மூடவேண்டாமே, மகாராஜா. ஊர்கூடிக் காசு சேர்க்கலாம்."

"சேர்க்கட்டுமே" என்று சிரித்தார் நரசப்பர். "ஆனால் கஜானாவைத் தொடக்கூடாது. யாரிடமும் 'கொடு' என்று கேட்கக்கூடாது. 'எவ்வளவு கொடுப்பாய்' என்றும் கேட்கக்கூடாது. பௌர்ணமிக்குள் அண்டா நிரம்பவேண்டும். இல்லையென்றால் லாயம்தான்."

"நியாயமாகத்தான் படுகிறது" என்றார் ராஜா. கடைசியாகப் பேசியவர் சொல்வது அவருக்கு எப்போதும் நியாயமாகத்தான் படும்.

சந்தை வாசலில் ஒரு பெரிய பித்தளை அண்டாவை வைத்தார்கள். மேளதாளத்தோடு ராஜா வந்து முதல் காசைப் போட்டுத் தொடங்கிவைத்தார். அதற்கு முன்பே நரசப்பர் பிரபுக்களின் காதைக் கடித்திருந்தார். "ஆளுக்கு ஒரு செப்புக்காசு. மேலே ஒரு காசு விழுந்தாலும் எனக்குப் பகை." அமைச்சரின் எந்த உத்தரவையும் அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக நிறைவேற்றியதில்லை.

சுண்டல் விற்கும் சீனியம்மாளும் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நாற்பது காசைப் போட்டாள். "ஒரு நிமிஷம் நில்லம்மா" என்றார் ஆவுடையப்பன். "யாவாரம் கெட்டுப்போகும் சாமி" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு காசு போட்டவர்கள் அப்படிப் போய்விட முடியுமா? "எங்கள் பெயரைக் கல்லில் வெட்டவேண்டும்" என்று வட்டம் கட்டி நின்றார்கள். இன்றைக்கும் பார்க்கிறோமே. மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதிவிடுகிறார். சுற்றினால் பெயர் தெரியாது என்று விசிறியைப் போடவிடுவதில்லை.

"தாராளமாக வெட்டலாம்" என்றார் ஆவுடையப்பன். "பட்டங்களும் சேர்த்துத்தானே?"

"பட்டம் இல்லாமல் அது என்னய்யா பெயர்?" என்றார் நரசப்பர். அரை நாழிகை நின்று தம் பட்டங்களைத் தாமே சொல்லிவிட்டுப் போனார்.

கல்தச்சன் வேலாண்டியின் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கூரையில்லாப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். கூலி வேண்டாம் என்று வெட்டிக் கொடுத்தான். சந்தை நாளன்று அண்டாவைச் சுற்றிக் கற்கள் நின்றன. முதல் கல் இது:

'சகல சாத்திரப் பண்டிதர், ராஜதந்திரச் சிங்கம், கொடையில் கார்மேகம், அமைச்சர் பெருமான் நரசப்பர் அவர்கள். ஒரு செப்புக்காசு.'

பக்கத்துக் கல்லில், 'சுண்டல் சீனியம்மாள். நாற்பது செப்புக்காசு.'

படிக்கத் தெரிந்தவர்கள் ஒருமுறை படித்தார்கள். தெரியாதவர்கள் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அடேயப்பா! கார்மேகம் ஒரே ஒரு சொட்டுத்தான் விட்டிருக்கு!" என்று ஒருவன் கத்தினான்.

நரசப்பர் பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் ஓடிவந்தார்.

"ஓய் ஆவுடையப்பா! அழியும் அதை!"

"கல்லில் வெட்டியதை எப்படி அழிப்பது? உடைக்கலாம். தர்மக்கல்லை உடைத்தவர் என்று அதற்கும் ஒரு பட்டம் கிடைக்கும்."

"வேறு வழியே இல்லையா?"

"அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறான் வேலாண்டி."

"அதில் என்னத்தை எழுதுவது?"

"அதை நான் கேட்கக்கூடாதே! நிபந்தனை போட்டது யார்?"

நரசப்பர் பல்லைக் கடித்துக்கொண்டு நூறு பொன்னைக் கொட்டினார். வேலாண்டி உளியை எடுத்தான். மாலையில் தளபதி வீரமல்லு வேர்த்து விறுவிறுத்து வந்து நூற்றைம்பது கொட்டினார். "அவனைவிட நான் மட்டமா?" என்று நரசப்பர் மறுநாள் விடிந்ததும் இன்னொரு நூறு. மற்றப் பிரபுக்கள் வரிசையில் நிற்க இடம் பிடித்துச் சண்டை போட்டார்கள். எல்லாருக்கும் கல்வியின் மேல் அப்படியொரு ஆசை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

பௌர்ணமியன்று ராஜா வந்தார். அண்டா வழிந்தது. கல் கல்லாகப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இவ்வளவு கருமிகளா என் சபையில்! அது சரி, அங்கே பட்டுத்துணி போட்டு மூடியிருக்கிறதே, அது யார் கல்?"

"தங்களுடையதுதான், மகாராஜா. முதல் காசு போட்டவர் தாங்கள் அல்லவா?"

"பிறகு ஏன் மூடிவைத்தாய்? திற! சனங்கள் படிக்கட்டும்."

"திறக்கிறேன். அதற்குமுன் தாங்கள் மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டால் நல்லது."

ஆவுடையப்பன் ராஜாவின் காதருகே குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார்:

"'மகாராஜா திம்மபூபதி. ஒரு செப்புக்காசு. அதுவும் அமைச்சர் நரசப்பரிடம் கைமாற்றாக வாங்கியது.'"

ராஜாவின் சிரிப்பு நின்றது. கூட்டத்தைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அண்டாவில் போட்டார்.

"போதுமா?" என்றார் கிசுகிசுப்பாக.

"நான் என்ன சொல்ல, மகாராஜா? இது பெரிய கல். இடம் நிறைய இருக்கிறது."

ராஜாவுக்கு அடக்க முடியவில்லை. சந்தையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துக்கொண்டு, பத்து விரல் மோதிரங்களையும் உருவிப் போட்டார். ஐந்து பள்ளிக்கூடங்களுக்கும் ஓடு வேய அன்றைக்கே உத்தரவானது. ஆவுடையப்பனுக்கு ஒரு பட்டுச் சால்வை கொண்டுவரச் சொன்னார். அதைப் போர்த்திவிடும் பாக்கியத்தை நரசப்பருக்கே கொடுத்தார்.