மூன்றாம் ஜோடி

"டீச்சர், கல்யாணத்துக்கு வாசிக்க வேற ஆளைப் பாத்துக்கிடலாம்னு நினைக்கேன்" என்றார் மரியசூசை.

தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷர். கிட்டார் டீச்சர் ஜெனிட்டாவுக்கு அவருடைய மகள் வயதுதான். நாளை மறுநாள் அந்த மகள் மணப்பெண்ணாகக் கோயிலுக்குள் நடந்து வரும்போது, அப்பா பன்னிரண்டு கம்பி கிட்டார் வாசிக்க வேண்டும். அவள் கேட்ட ஒரே சீர் அதுதான்.

"என்ன ஆச்சு சார்?"

"மூணாவது ஜோடிகிட்ட போனாலே ஆள்காட்டி விரல் பின்வாங்குது. கம்பி அந்து போயிருமோன்னு பயம்."

ஜோடி ஜோடியாகக் கம்பி கட்டிய கிட்டார் அது. மூன்றாம் ஜோடியில் ஒரு கம்பி தலைமயிர் போல மெலிசு. எது அறுந்தாலும் முதலில் அதுதான் அறுபடும். போன கிறிஸ்துமஸில் பாட்டு நடுவே அது அறுந்து, இவர் கை நின்று, பாடகர் குழு மொத்தமும் திருதிருவென்று விழித்தது. அன்றிலிருந்து மனுஷர் சூடு கண்ட பூனைதான். நாற்பது டன் பெட்டியை அலுங்காமல் இறக்கியவருக்கு ஒரு கம்பி எமனாகிவிட்டது.

ஜெனிட்டா கட்டரை எடுத்தாள். அவர் மடியிலிருந்த கிட்டாரில் அந்தக் கம்பியை வெட்டினாள்.

மரியசூசை கிட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்ன டீச்சர் இப்பிடிப் பண்ணிட்டீங்க?"

"வாசிங்க."

வாசித்தார். பதினோரு கம்பியில் பாட்டு தங்குதடையில்லாமல் வந்தது.

"விரல் எங்கயும் நிக்கலையே சார்."

"அதான் கம்பி அந்தாச்சே. இனி பயப்பட என்ன இருக்கு?"

அவள் புதுக் கம்பி பூட்டி, முறுக்கி, சுருதி சேர்த்துக் கொடுத்தாள்.

"இப்பம் வாசிங்க."

பாட்டு தொடங்கிய கையோடு விரல் பின்வாங்கியது. கோயில், கூட்டம், வாசலில் தயங்கி நிற்கும் மகள், எல்லாம் கண்முன் வந்தன.

ஜெனிட்டா கட்டரை அவர் தொடைமேல் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"கோயிலுக்குக் கொண்டு போங்க. பயம் வந்தா முதல்லயே நீங்களே வெட்டிருங்க. மக நடந்து வரும்போது பாட்டு நிக்கக் கூடாதுல்லா."

மரியசூசை கட்டரைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு மறுபடி தொடங்கினார்.

முதல் சரணம் முழுக்க விரல் கூசிக்கூசித்தான் போனது. பிறகு மகளின் நடையை நினைத்துக்கொண்டார். சின்னதில் இருந்தே அவளுக்கு மெதுவான நடை. அதற்குத் தகுந்தாற்போல் பாட்டை இழுத்து, கடைசிவரை வாசித்து முடித்தார்.

கட்டரைத் திருப்பிக் கொடுக்கத் தொடையைத் தடவினார். காணோம்.

"கட்டர் எங்க டீச்சர்?"

"ரெண்டாவது சரணத்துலயே டங்குன்னு கீழ விழுந்துட்டு சார்."