பேரேரியின் வேஷக்காரன்

சருகுமான் துடியன் அன்று காலையில் ஒரு வாய் புல்கூடத் தின்னவில்லை. பேரேரியிலிருந்து ஆள் எடுக்க வருகிற நாள் அது.

நாணற்காட்டுப் பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிற குட்டிகள் எல்லாம் மைதானத்தில் வரிசையாக நின்றன. பேரேரியின் பந்தாட்டக் குழுவுக்குக் காட்டெருமைதான் தலைவர். அவர் வரிசையோடு நடந்து வருவார். பிடித்த குட்டியின் நெற்றியில் குளம்பால் செம்மண் பூசுவார். பூசிவிட்டால் யோகம்தான்! நாலு வருஷத்துக்கு ஏரிக்கரைப் புல்லும் நிழலும் தண்ணீரும் அந்தக் குட்டிக்கு. பூசாவிட்டால் அவரவர் பாடு அவரவருக்கு.

காட்டுக்கொடியைச் சுருட்டிக் கட்டிய பந்தோடு, எதிரியிடம் பிடிபடாமல் ஓடுவதுதான் ஆட்டம். துடியனிடம் பந்து கிடைத்தால் அவனைப் பிடிக்க முடியாது. இடப்பக்கம் போவதுபோல் தோளைச் சாய்ப்பான். எதிரி அங்கே பாய்வான். இவன் வலப்பக்கம் ஓர் அடி வைத்து, எதிரியும் அங்கே திரும்பியதும் சட்டென்று நின்று, திரும்பவும் இடப்பக்கமே நழுவிவிடுவான். பள்ளியில் அவனை நிறுத்தியவன் ஒருத்தன் இல்லை.

காட்டெருமை அதையா பார்த்தார்? உயரத்தைப் பார்த்தார்! கடமான் குட்டிக்குப் பூசினார். பன்றிக்குட்டிக்குப் பூசினார். அந்தப் பன்றிக்குப் பந்து எது, பூசணிக்காய் எது என்றே தெரியாது. முயல் அளவே இருக்கும் துடியன் முன்னால் வந்தபோது அவர் குனியக்கூட இல்லை. அப்படியே நடந்து போய்விட்டார்.

பக்கத்தில் நின்ற முயல் செவியனுக்கும் செம்மண் விழவில்லை. அவன் துடியனின் கூட்டாளி. "விடுடா! நாம என்ன செத்தா போயிட்டோம்?" என்றான்.  துடியனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் முள்ளி வந்தாள். அவள் ஒரு முள்ளம்பன்றி. காட்டின் தெற்கு மூலையில் இருக்கும் சேற்றுக்குட்டைக் குழுவுக்குத் தலைவி. இரண்டு நாள் நடந்து வந்திருந்தாள்.

"தம்பி, உன் ஆட்டத்தை மூணு தடவை புதர்ல நின்னு பாத்துட்டேன். எங்க குழுவுக்கு வந்துடு!" என்றாள். "செம்மண்ணெல்லாம் எங்ககிட்ட கிடையாது. புல்லை நீயேதான் தேடி மேயணும். பாதி வருஷம் சேறு. ஆனா முதல் ஆட்டத்துலயே நீ முன்னாடி ஓடுவ. அது என் பொறுப்பு."

துடியனின் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போயிட்டு வாடா ராசா! வீடு தேடி வந்து கேக்குறாங்க!"

துடியனுக்கோ மூக்குச் சுருங்கியது. "குட்டைக்கா? என்கூடப் படிச்ச பன்றி ஏரிக்குப் போகுது. நான் சேத்துக்குப் போகணுமா? நாலு பேர் கேட்டா என்னன்னு சொல்றது?"

"நீ ஆடப் போறியா, இல்ல ஊருக்குப் பதில் சொல்லப் போறியா?" என்றாள் முள்ளி.

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

அன்று மத்தியானமே நரி வந்தது. இந்த மாதிரி நேரத்தில் அதற்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ!

"துடியா, செம்மண் இல்லாமலும் ஏரிக்குள்ள போகலாமே! உனக்கு யாரும் சொல்லலியா?" என்றது. "சும்மா போய்ப் பயிற்சியில நில்லு. ஓடு, தாவு, தலைவர் கண்ணுல படு! அடுத்த மழைக்குள்ள நெத்தியில செம்மண்!"

"அப்படி யாருக்காவது விழுந்திருக்கா?"

"விழாமலா? ஏகப்பட்ட பேருக்கு விழுந்திருக்கு. பேருதான் சட்டுனு வாயில வர மாட்டேங்குது."

பேர் வராததற்குக் காரணம் உண்டு. அப்படி யாருமே கிடையாது. நரி கூட்டிக்கொண்டு வரும் ஒவ்வொரு குட்டிக்காகவும் ஏரிக்காரர்கள் அதற்கு ஒரு கொழுத்த நண்டு கொடுப்பார்கள். நண்டுக்காக எதையும் பேசும் வாய் அது. துடியன் அத்தனையையும் நம்பினான். நம்புவதற்கு அவனுக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

மறுநாள் முள்ளியிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.  அவள் பக்கத்தில் நின்ற முயல் செவியனைப் பார்த்து, "நீ வர்றியாப்பா?" என்றாள்.

"எனக்கு இவன் அளவுக்கு வராதுக்கா!"

"வராததை வர வச்சுக்கலாம். கிளம்பு!"

கிளம்புவதற்கு முன் செவியன் துடியனிடம் கேட்டான். "டேய், அந்தச் சாஞ்சு நழுவுறத எனக்குச் சொல்லிக் கொடுடா." அன்று பொழுது சாயும்வரை துடியன் சொல்லிக் கொடுத்தான். அந்த மட்டும் அவன் நல்லவன்தான்.

பேரேரியில் துடியனுக்கு என்ன கிடைத்தது? நிழல், செம்மண் வைத்தவர்களுக்கு. கரைப்புல், செம்மண் வைத்தவர்களுக்கு. இவன் மேய வேண்டுமென்றால் அடுத்த மலைக்குப் போய்வர வேண்டும். போய்வந்து பயிற்சியில் நிற்க வேண்டும். நிற்பதும் எங்கே? வேஷக் கூட்டத்தில்!

ஏரிக்காரர்களின் வழக்கம் அது. அடுத்து யாரோடு ஆட்டமோ, அந்தக் குழுவைப்போல் செம்மண் இல்லாத குட்டிகள் ஆடிக்காட்ட வேண்டும். செம்மண்காரர்கள் அவர்களை முட்டித் தள்ளிப் பழகுவார்கள்.

"இந்த வாரம் கழுதைப்புலிங்களோட ஆட்டம். துடியா, நீ கழுதைப்புலி!" என்பார்கள். துடியன் நொண்டி நொண்டி ஓடுவான். அடுத்த வாரம், "நீ நாரை!" காலைத் தூக்கித் தூக்கி நடப்பான். அதற்கடுத்த வாரம் காட்டுக்கோழி. இவன் செய்தால் அச்சு அசலாக இருக்கும். நல்ல திறமைசாலி இல்லையா! முட்டு வாங்கி வாங்கி உடம்பெல்லாம் வீங்கிப் போயிற்று. ஆட்ட நாளில் மட்டும் அவனை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். நாணலுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

அம்மா ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மெனக்கெட்டு வருவாள். யானைகளும் எருமைகளும் முன்னால் மறைத்து நிற்கும். சருகுமானுக்கு என்ன தெரியும்? அவற்றின் கால்கள்தான் தெரியும். பாவம், அந்தக் கால்களுக்கு நடுவே மகனைத் தேடிவிட்டுத் திரும்பிப் போவாள்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. அப்போது ஒரு சேதி வந்தது. சேற்றுக்குட்டைக் குழு ஆடிய ஆட்டமெல்லாம் ஜெயித்துவிட்டதாம்! அங்கே ஒரு முயல் ஓடுகிறானாம், யாராலும் அவனைப் பிடிக்க முடியவில்லையாம். அடுத்த ஆட்டம் பேரேரியோடு!

காட்டெருமை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் துடியனைக் கூப்பிட்டார்.

"அந்த முயல் உன்கூடப் படிச்சவனாமே? அவன் மாதிரி ஓடிக் காட்டு. ஒழுங்காச் செஞ்சியானா, ஆட்டத்தன்னிக்குச் செம்மண் விஷயம் பாக்கலாம்."

பெரிய இடத்தில் 'பாக்கலாம்' என்றால் என்னவென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். துடியன் தலைகால் புரியாமல் குதித்தான்.

மைதானத்தில் இறங்கித் தோளைச் சாய்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. இது முயலின் ஓட்டமா? இது அவனுடைய ஓட்டம்! ஒரு வருஷமாகக் கழுதைப்புலியாகவும் நாரையாகவும் இருந்தவன், அன்று துடியனாக ஓடினான். கடமான் விழுந்தான். பன்றி புரண்டான். மூன்று நாள் அவனை எவனாலும் தொட முடியவில்லை. எத்தனை சந்தோஷம் அவனுக்கு!

"மெதுவா ஓடு!" என்றார் காட்டெருமை. "எப்போ திரும்புவான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

துடியன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். செவியனின் முகம் ஒரு நொடி நினைவுக்கு வரத்தான் செய்தது. செம்மண்ணும் நினைவுக்கு வந்தது.

"தோளைப் பாக்காதீங்க தலைவரே! வலது பின்னங்காலைப் பாருங்க. அது தரையில அமுங்கினா இடப்பக்கம்தான் போவான்."

நாலாம் நாள் அவனைப் பிடித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் பிடித்துப் பிடித்து எறிந்தார்கள். விலா வலிக்க எழுந்து நின்று, "அப்படித்தான்! அப்படித்தான்!" என்றான் துடியன்.

ஆட்ட நாள் வந்தது. செவியன் பந்தை வாங்கித் தோளைச் சாய்த்தான். ஒருத்தனும் ஏமாறவில்லை. கடமான் அவன் பின்னங்காலையே பார்த்துக்கொண்டு நின்றான். கால் அமுங்கியது. கடமான் பாய்ந்தான். முயல் பத்தடி தள்ளிப் போய் விழுந்தான். திரும்ப எழுந்தான். திரும்ப விழுந்தான். "செவியா, போதும் வந்துடு!" என்று முள்ளி கத்தினாள். அவன் கேட்கவில்லை. ஏழாவது தடவை விழுந்தபோது கால் பிசகிவிட்டது. பேரேரி ஜெயித்தது. கரையெல்லாம் ஒரே கூச்சல்!

துடியன் நாணலை விட்டு ஓடிவந்தான். காட்டெருமை முன்னால் நெற்றியை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"யாருப்பா நீ?"

"நான்தான் தலைவரே... முயல் வேஷம்."

"அட, நீயா! பிரமாதம்! உன்னை மாதிரி வேஷம் போட இந்தக் காட்டுல ஆள் கிடையாது. உன்னை ஆட்டத்துக்கு அனுப்பிட்டா அதை யார் செய்யறது? அடுத்த வருஷமும் அங்கேயே இரு!"

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.  துடியன் திரும்பினால் எதிரே செவியன். மூன்று காலில் நின்றுகொண்டிருந்தான்.

"துடியா, அந்தப் பின்னங்கால் ரகசியம் உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லலடா."

துடியன் தலையைத் தொங்கப் போட்டான். செவியனுக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குள் அம்மா கூட்டத்தில் இடிபட்டு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலடா. எல்லாரும் மறைச்சுட்டாங்க. இன்னிக்காவது ஆடினியா ராசா?"

"ஆடினேம்மா," என்றான் துடியன்.

செவியன் அவனை ஒருமுறை பார்த்தான். பிறகு நொண்டிக்கொண்டே முள்ளியை நோக்கி நடந்தான்.

நீ வேண்டும் என்று தேடி வந்தவரைச் சிறியவர் என்று தள்ளிவிட்டு, உன்னை ஏறெடுத்தும் பாராத பெரியவரின் வாசலில் போய் நின்றால், உன் திறமை உன்னை நேசித்தவர்களைக் கவிழ்க்கத்தான் பயன்படும்.